மேக்கப்புக்கு ட்ரையல் பார்த்தாச்சு... மேளத்துக்கு?

முத்தாண்டிக்குப்பமோ, பக்கத்தில் இருக்கும் நெய்வேலி டவுன்ஷிப்போ, இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஓடிக்கொண்டிருக்கும். நாலு போட்டோகிராஃபரின் ஆல்பம் பார்த்து ஒருவரை ஓகே செய்திருப்பார்கள். மேக்கப்புக்கு ட்ரையல் முடிந்திருக்கும். மெஹந்தி டிசைன் இன்ஸ்டாவில் சேவ் ஆகியிருக்கும். பந்தியில் பாயசமா, ஐஸ்கிரீமா, இரண்டுமா என்று பெரிய விவாதமே நடந்து முடிந்திருக்கும். அந்த லிஸ்ட்டின் கடைசியில் ஒரே ஒரு வரி: 'மேளம் - மாமா பார்த்துக்குவாரு.'

மாமாவும் பார்த்துக்கொள்வார். தெரிந்த ஒருவருக்கு போன் போட்டு, "அண்ணே, காலையில நாலு மணிக்கெல்லாம் மண்டபத்துல இருங்க. எத்தனை பேர் வருவீங்க? ரெண்டு பேரா? போதும் போதும்" என்று முடித்துவிடுவார். என்ன வாசிப்பீர்கள் என்று அவர் கேட்பதில்லை. மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் யாரும் கேட்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். மேடை அலங்காரம் பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது. சாப்பாடு முதல் பந்திக்கு ஒரு மாதிரி, கடைசிப் பந்திக்கு ஒரு மாதிரி. ஆனால் மேளச் சத்தம் வாசலில் செருப்பைக் கழற்றுபவர் முதல் சமையல்கட்டில் வெங்காயம் உரிப்பவர் வரை எல்லோரையும் ஒன்றுபோல எட்டும். அதைத்தான் நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. பிறகு, "என்னப்பா, ஒரே இரைச்சலா இருந்துச்சு" என்று சலித்துக்கொள்கிறோம். அந்தச் சலிப்பு அடுத்த கல்யாணத்தில், "மேளமே வேண்டாம், ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்" என்று முடிகிறது. ஒரு கலை நம் வீட்டு விசேஷங்களிலிருந்து சத்தமில்லாமல் வெளியே போவது இப்படித்தான்.

இரண்டு பேர் போதுமா?

முறையான மங்கல இசை செட் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதி. சுருதிக்கு முன்பெல்லாம் 'ஒத்து' என்ற குழலை ஒருவர் விடாமல் ஊதிக்கொண்டே இருப்பார். இன்று அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது. பட்ஜெட் இறுகும்போது முதலில் கழிவது இரண்டாவது நாதஸ்வரம், அடுத்தது இரண்டாவது தவில்.

இது ஆடம்பரத்துக்காக வைத்த எண்ணிக்கை கிடையாது. நாதஸ்வரம் முழுக்க முழுக்க மூச்சில் ஓடும் வாத்தியம். ஒருவர் ஒரு வரியை வாசித்து விடும்போது மற்றவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் ராகத்தை விரிக்கும்போது மற்றவர் பின்னால் சுருதியைப் பிடித்து நிற்பார். அப்படி மாறி மாறி வாசித்தால்தான் அதிகாலையில் தொடங்கி முகூர்த்தம் முடியும் வரை இசை தளராமல் போகும். ஒரே ஒருவரை உட்கார வைத்து மூன்று, நான்கு மணி நேரம் வாசிக்கச் சொன்னால் அவருக்கு என்ன வழி இருக்கிறது? தெரிந்த சினிமாப் பாட்டின் பல்லவியைத் திரும்பத் திரும்ப ஊதி மூச்சைச் சேமிப்பார். நாம் அதைக் கேட்டுவிட்டு, "இவங்களுக்கு இதுதான் தெரியும்போல" என்று முடிவு கட்டுகிறோம். ஆளைக் குறைத்தது நாம்தான்.

ஸ்பீக்கரில் ஓடும் ரெக்கார்டிங்குக்கு மூச்சு வாங்காது என்பது உண்மை. ஆனால் அதற்குக் கண் கிடையாது. 'கெட்டிமேளம்' என்று கை உயர்ந்த நொடியில் வாசித்துக்கொண்டிருந்த ராகத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டு நாதஸ்வரமும் தவிலும் ஒரே வேகத்தில் எழும்ப வேண்டும். யாராவது தும்மினாலோ, அழுதாலோ, ஒரு அபசகுனமான வார்த்தை சொன்னாலோ அது மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த முழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரின் பேச்சையும் நிறுத்தி ஒரே இடத்தைப் பார்க்க வைக்கும் வேலையை அது செய்கிறது. போனில் யூடியூப் வைத்திருந்தால், நீங்கள் விளம்பரத்தை ஸ்கிப் செய்வதற்குள் தாலி ஏறியிருக்கும்.

மரம் நம்ம ஊர் மரம்

முத்தாண்டிக்குப்பம் வழியாக பண்ருட்டிக்கு பஸ்ஸில் போயிருப்பவர்களுக்குத் தெரியும், செம்மண்ணும் முந்திரிக்காடும் பலா மரங்களும்தான் இந்தப் பக்கத்தின் அடையாளம். பண்ருட்டி பலாப்பழம் உலகத்துக்கே தெரியும். பலா மரத்தின் இன்னொரு வாழ்க்கை பலருக்குத் தெரியாது. தவிலின் உடம்பு பலாக்கட்டையைக் குடைந்து செய்வது. மிருதங்கத்துக்கும் வீணைக்கும் அதே பலாதான். வாத்தியம் செய்பவர்கள் பண்ருட்டிப் பலா மரத்தைத் தேடி வாங்குவது பல காலமாக நடந்து வருகிறது.

நாதஸ்வரம் வேறு ஊர்க்காரர். தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் காய்ந்த கட்டைகளைத் தேடி வாங்குவார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளி, காவிரிக் கரைப் பக்கம் விளையும் கொறுக்கைத் தட்டையில் செய்யப்படுகிறது.

ஆக, நீங்கள் ஒரு செட்டை புக் செய்யும்போது மேடையில் இருக்கும் நான்கு பேரோடு கணக்கு முடிவதில்லை. கட்டை குடைபவர், தோல் கட்டுபவர், சீவாளி செதுக்குபவர் என்று பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. கோயில் திருவிழா வருடத்துக்குச் சில நாட்கள்தான். சபா கச்சேரி மிகச் சிலருக்குத்தான் கிடைக்கும். மீதிப் பேருக்குக் கல்யாண முகூர்த்த நாட்கள்தான் அரிசி, பருப்பு, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம்.

செண்டை வரலாமா?

இப்போது நம் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் கேரளச் செண்டை மேளம் சாதாரணமாகிவிட்டது. "நம்ம மேளம் இருக்க, அது எதுக்கு?" என்று கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து நாலா பக்கத்து ஆட்களும் வேலைக்கு வந்து குடியேறிய ஊர் நெய்வேலி. மலையாளக் குடும்பத்துக் கல்யாணத்தில் செண்டை ஒலிப்பதில் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. நமக்கும் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்வோம். செண்டையும் கேரளக் கோயில்களின் பெரிய கலை. பஞ்சாரி மேளம் என்றால் மெதுவாகத் தொடங்கி, ஐந்து காலங்களில் படிப்படியாக வேகம் ஏறி, மணிக்கணக்கில் வளரும். கல்யாண ஊர்வலத்தில் அதைப் பத்து நிமிட டான்ஸ் பீட்டாக நறுக்கிவிடுகிறோம். அங்கேயும் நாம் இசையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ரீல்ஸுக்குத் தேவையான சத்தத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

பறை விஷயத்தில் நடப்பது இதைவிட முக்கியமானது. 'சாவு மேளம்' என்று ஒதுக்கி, வாசிப்பவரையும் சேர்த்து ஒதுக்கிய சமூகம் இது. இன்று படித்த இளைஞர்கள் பலர், தங்கள் கல்யாணத்தில் பறை ஒலிக்க வேண்டும் என்று தேடிப்போய் அழைக்கிறார்கள். மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கும் இடத்தில் ஒரு மணப்பெண், "என் கல்யாணத்துக்குப் பறைதான்" என்று சொல்வதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது. மேளத் தேர்வு சின்ன விஷயமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாதஸ்வரமும் ஒரே வட்டத்துக்குள் அடங்கியது கிடையாது. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா 1998-ல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவர் வழியில் வந்த காலீஷாபீ - ஷேக் மெஹபூப் சுபானி தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ. ஆண்கள் மட்டுமே வாசித்த காலத்தில் மதுரை பொன்னுத்தாயி மேடையேறி ஊதினார். இன்று கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளி போன்ற இடங்களில் நாதஸ்வரமும் தவிலும் பாடமாகவே இருக்கின்றன. கற்றுக்கொண்டு வருபவர்களைக் கூப்பிட நாம்தான் வேண்டும்.

எப்போ, என்ன வாசிக்கலாம்?

கர்னாடக இசை தெரிந்தால்தான் இதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதெல்லாம் இல்லை. அன்றைய நாளை நேரமாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

விடியற்காலைக்குப் பூபாளம், பௌளி, மலயமாருதம் போன்ற ராகங்கள். இரைச்சல் குறைவான நேரம் அது. நல்ல வித்வான் நிதானமாக ஆலாபனை செய்ய அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அப்போது சீரியல் டைட்டில் பாட்டு கேட்காதீர்கள்.

சடங்குகள் தொடங்கும்போது ஹம்சத்வனியில் பிள்ளையார் பாட்டு வாசிப்பது பரவலான வழக்கம். ஊஞ்சல் இருக்கும் வீடுகளில் லாலிப் பாட்டுகளுக்குக் குறிஞ்சி ராகம் அழகு. தியாகராஜரின் புகழ்பெற்ற சீதா கல்யாணக் கீர்த்தனையும் குறிஞ்சிதான். முகூர்த்தத்தை ஒட்டிக் கல்யாணி, மோகனம். எல்லாம் முடிந்தபின் மத்தியமாவதி. இடையில் ஏதாவது குறை நேர்ந்திருந்தால் அதைச் சரிக்கட்டும் ராகம் என்று அதைச் சொல்வார்கள்.

தவிர்ப்பவை? முகாரி சோகத்துக்கானது என்று கல்யாணத்தில் பொதுவாக வாசிப்பதில்லை. சுபபந்துவராளியைப் பாருங்கள், பெயரில் 'சுப' இருக்கிறது, கேட்டால் நெஞ்சைப் பிசையும். ராகத்துக்குத் தோஷமில்லை. ஆனால் மகளை அனுப்பி வைக்கும் அம்மா ஏற்கெனவே கண் கலங்கி நிற்கும்போது, அதை இன்னும் கிளறிவிட வேண்டாமே.

தமிழில் மட்டும் வேண்டும் என்றாலும் பஞ்சமில்லை. ஆண்டாள் கனவில் கல்யாணம் காணும் 'வாரணமாயிரம்' பாசுரங்கள் இருக்கின்றன. அந்தக் கனவுக் கல்யாணத்திலேயே மத்தளமும் சங்கும் ஒலிக்கின்றன. நெய்வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வடலூரில் 1867-ல் தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலாரின் திருவருட்பா இருக்கிறது. ஐயர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் என்றால் (1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த திருத்தம் அதற்குச் சட்ட அங்கீகாரம் தந்தது) மந்திரம் இருந்த இடத்தைப் பாட்டும் வாழ்த்தும்தான் நிரப்ப வேண்டும். அங்கே இசைத் தேர்வு இன்னும் முக்கியம்.

சினிமாப் பாட்டு கூடாதா? தாராளமாகக் கூடும். 'பாசமலர்' (1961) படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய மணப்பெண் பாட்டு அறுபது வருடங்களுக்கும் மேலாகக் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) காருகுறிச்சி அருணாசலம், 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் என்று நாதஸ்வரத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனதே சினிமாதான். ஒரே ஒரு எச்சரிக்கை: நாதஸ்வரத்தில் வரிகள் கேட்காது, ஆனால் கேட்பவர் மனசுக்குள் ஓடும். மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று காதல் தோல்விப் பாட்டைச் சொல்லிவிட்டு, ஃப்ரெண்ட்ஸ் பின்வரிசையில் விழுந்து விழுந்து சிரித்தபிறகு வருத்தப்படாதீர்கள்.

காப்பிரைட் பயம் வேண்டாம்

"மண்டபத்துல சினிமாப் பாட்டு போட்டா காசு கட்டணுமாமே?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. காப்புரிமைச் சட்டம், 1957-ன் 52(1)(இசட்.ஏ) பிரிவு சமயச் சடங்குகளில் பாடல்களை வாசிப்பதற்கும் ஒலிபரப்புவதற்கும் விலக்கு தருகிறது. திருமண ஊர்வலமும், திருமணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் இதில் அடங்கும் என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. இதை நினைவூட்டி மத்திய அரசு 2023 ஜூலை 24-ல் பொது அறிவிப்பும் வெளியிட்டது.

ஆனால் உங்கள் லைவ் வீடியோவை இன்ஸ்டாகிராமோ யூடியூபோ மியூட் செய்தால், அது அவர்களது தானியங்கி முறையும் அவர்களது விதிகளும் செய்யும் வேலை. அங்கே ஒரு நன்மையைக் கவனியுங்கள்: நேரில் வாசிக்கும் பழைய கீர்த்தனைக்கும் ராக ஆலாபனைக்கும் அந்தச் சிக்கல் வருவது குறைவு. உங்கள் கல்யாண வீடியோவில் உங்கள் கல்யாணத்தின் சத்தமே இருக்கும்.

இன்னொன்று, இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கும் வாத்தியங்களுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஊர்வலத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

மலையில் நூறு கல்யாணம்

கடலூர் பக்கத்தில் இருக்கும் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெரிய முகூர்த்த நாளில் ஒரே நாளில் நூறுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடக்கும். ஒரு ஜோடி எழுந்தால் அடுத்த ஜோடி உட்காரும். ஒரு கெட்டிமேளம் முடிவதற்குள் பக்கத்தில் இன்னொன்று எழும். அங்கே ராகம், கீர்த்தனை என்றெல்லாம் திட்டம் போட இடமில்லை. செலவைக் குறைக்க, வேண்டுதலை முடிக்க என்று கோயிலில் கல்யாணம் செய்பவர்கள் மேல் குறையும் இல்லை.

அந்தக் கூட்டத்திலும்கூட ஒரு வழி இருக்கிறது. கோயிலில் தாலி கட்டிவிட்டு, மாலையில் முத்தாண்டிக்குப்பம் வீட்டு வாசலிலோ மண்டபத்திலோ வரவேற்பு வைப்பீர்கள் இல்லையா? லைட் மியூசிக் தொடங்கும் முன் ஒரு மணி நேரத்தை நாதஸ்வரத்துக்குக் கொடுங்கள். மணி கணக்கு யாருக்கும் இல்லாமல், மணமக்களும் உட்கார்ந்து கேட்கும் ஒரு மணி நேரம்.

புக் செய்யும் முன்...

மாமா போன் போடட்டும். அடுத்த போனை நீங்கள் போடுங்கள். "வணக்கம் ஐயா, என் கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிக்கப்போறீங்க. என்ன வாசிச்சா நல்லா இருக்கும்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கல்யாணப் பெண்ணே இப்படிக் கேட்டால் அந்த வித்வானுக்கு அன்றைக்கு வாசிப்பே வேறு மாதிரி இருக்கும். உங்களுக்குப் பிடித்த இரண்டு பாட்டைச் சொல்லுங்கள், மீதியை அவரிடம் விடுங்கள்.

இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவிலுக்கு முடியுமா என்று பட்ஜெட்டில் தேடுங்கள். வாசலில் வைக்கும் செல்ஃபி ஸ்டாண்ட், கலர் புகை போன்ற ஏதாவது ஒன்றைக் குறைத்தாலே வழி கிடைக்கலாம். தொகை, வண்டிச் செலவு, நேரம் மூன்றையும் முதலிலேயே பேசி அட்வான்ஸ் கொடுங்கள். கல்யாணம் முடிந்த களைப்பில், "அப்புறம் பார்க்கலாம்" என்று அலைக்கழிக்க வேண்டாம்.

தெருவிலும் கோயில் பிராகாரத்திலும் ஒலிக்கப் பிறந்த வாத்தியங்கள் இவை. தாழ்ந்த கூரை போட்ட ஏ.சி. ஹாலில் தவிலுக்கு மைக் வைத்து பெரிய ஸ்பீக்கரில் விட்டால் இரைச்சலாகத்தான் கேட்கும். மைக்கை எடுத்துவிடுங்கள், அல்லது சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பாதி புகார் அதோடு போய்விடும்.

மேடை தெரிகிற இடத்தில் அவர்களை உட்கார வையுங்கள். இப்போதெல்லாம் தாலி கட்டும் நேரத்தில் மணமக்களைச் சுற்றி கேமராக்கள் சுவர்போல நிற்கின்றன. தவில்காரர் எட்டி எட்டிப் பார்த்து, யாரோ கத்திய பிறகு முழக்குகிறார். "ஒன் மோர் சார்" என்று போட்டோகிராஃபர் கேட்டதற்காகத் தாலியைத் திரும்பத் தூக்கிப் பிடிக்கலாம், அந்த முதல் முழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கடைசியாகச் சாப்பாடு. நாலு மணிக்கு வந்தவருக்கு முதலில் காபி கொடுத்தார்களா என்று யாராவது பார்க்கிறோமா? எல்லாப் பந்தியும் முடிந்து, ரசம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது அவர்களை உட்கார வைக்கும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. குரூப்பில் பாயசத்துக்காக அவ்வளவு சண்டை போட்டோமே, அந்தப் பாயசம் அவர்கள் இலைக்கும் போகட்டும்.

அந்த வாட்ஸ்அப் லிஸ்ட்டில் கடைசி வரியை மட்டும் இன்றைக்கே எடிட் செய்துவிடுங்கள். 'மேளம் - நானே பேசுறேன்.'